கிளிஃபர்ட் பேக்ஷாவின் நாக்கு

ஹாக்ஸ்லி ஊரில் நாக்கு என்றால் அது கிளிஃபர்ட் பேக்ஷாவின் நாக்குதான். மற்றவர்களின் வாய்க்குள்ளும் ஒன்று கிடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பேசுவதற்கும் தபால்தலை ஒட்டுவதற்கும் அது போதும். ஏல் என்ற அந்த ஊர் பீர் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கிளிஃபர்டைத்தான் கேட்க வேண்டும்.

மனிதர் வாழ்நாள் முழுக்க கார்ப்பெட் விற்றவர். கார்ப்பெட் கடையில் அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. பெண்டாட்டி நிறத்தைச் சொல்வாள், புருஷன் பணத்தைக் கட்டுவான், கிளிஃபர்ட் முட்டி போட்டு அளந்து வெட்டுவார். வீட்டிலோ மனைவி பெரில் வைத்ததுதான் சட்டம். எந்தத் திரைச்சீலை, எந்த ஊருக்குப் போவது, எந்தச் சட்டை, எல்லாம் பெரில்தான். ஆகமொத்தம் இந்தப் பரந்த உலகத்தில் கிளிஃபர்ட் வாயைத் திறந்தால் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது 'மூன்று லாடம்' பப். அங்கே ஏல் இறைக்கும் பம்ப்புக் கைப்பிடிக்கு எதிரே ஒரு முக்காலி. அது அவருடையது. எழுதி ஒட்டவெல்லாம் இல்லை. தெரியாத ஆள் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அந்த ஆள் தானாக எழுந்துகொள்ளும்வரை எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அங்கே ஊற்றுவது 'பழைய பாதிரி' என்ற ஏல். நல்ல கருஞ்சிவப்பு. நுரை பொங்கிக்கொண்டு மூக்கில் ஏறும் சமாச்சாரம் இல்லை இது. நிலவறையின் குளிர்ச்சியோடு சாந்தமாக இறங்கும். முதலில் சுட்ட ரொட்டியின் ஓரம், பிறகு காய்ச்சிய வெல்லப்பாகு, கடைசியில் உலர்ந்த திராட்சை என்று ஒவ்வொன்றாய் வரும். புதுப் பீப்பாய் திறந்தால் முதல் கண்ணாடிக் கோப்பை கிளிஃபர்டுக்கு. அவர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். முகர்வார். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் பப்பின் சுவர்ப் பலகையில் குட்டி அம்பு எறிந்து விளையாடுகிறவன்கூட கையை இறக்கிவிடுவான். பிறகு தீர்ப்பு வரும்.

"ரொட்டி ஓரம். கொஞ்சம் பாகு. போன பீப்பாயைவிட திராட்சை ஒரு பிடி தூக்கல்."

"அதே, அதே. நானும் அதைத்தான் நினைச்சேன்" என்பார் பக்கத்தில் நிற்கும் ரொனால்ட் ட்விக். ஓய்வு பெற்ற தபால்காரர். ஒரு கிழட்டு ஸ்பேனியல் நாயோடு வருவார். இத்தனை வருஷத்தில் 'அதே' தவிர வேறு அபிப்பிராயம் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பப்பை நடத்தும் டோரீன் ஹீத்கோட் தன் ஏலைத் தானே குடித்ததில்லை. அவளுக்கு இனிப்பான ஷெர்ரி ஒயின்தான். "கருப்பா கசப்பா ஒரு தண்ணி, அதை எப்படித்தான் குடிக்கிறீங்களோ" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே சொல்வாள். பீப்பாய் நன்றாயிருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று தெரிய அவளுக்கு இருந்த ஒரே கருவி கிளிஃபர்டின் நாக்கு.

இப்படி எல்லாம் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நவம்பரில் கிளிஃபர்டுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தியம் இருந்தார், படுத்தார், எழுந்தார். மூக்கடைப்பு போயிற்று. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாசனை என்பது மருந்துக்கும் இல்லை. தேநீர் வெந்நீராயிற்று. பெரில் வைத்த வெங்காய சூப்பும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் அவருக்கு ஒன்றுதான். கருகிய ரொட்டியை அவர் மறுபேச்சில்லாமல் மென்று தின்றதை பெரில் ஒருநாள் உற்றுப் பார்த்தாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. குறை சொல்லாமல் சாப்பிடும் புருஷனை எந்தப் பெண்தான் கிளறுவாள்?

குணமானபின் முதல் முறையாக முக்காலியில் ஏறி உட்கார்ந்தபோது புதுப் பீப்பாய் காத்திருந்தது. கிளிஃபர்ட் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார். ஒன்றுமே இல்லை. வெறும் ஈரம். ஏலே ருசிக்காமல் போய்விட்டதே என்ற துக்கம் ஒரு பக்கம். சுற்றி நின்று வாயைப் பார்க்கும் இத்தனை முகங்களும் நாளைக்கு வேறு யார் வாயையோ பார்க்குமே என்ற பயம் இன்னொரு பக்கம். நியாயமாய் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "எனக்கு உடம்பு இன்னும் சரியாகலப்பா" என்று ஒரு வார்த்தை. சொன்னாரா? சொன்னால் அவர் கிளிஃபர்ட் இல்லையே.

"ரொட்டி ஓரம்" என்றார் மனப்பாடமாக. "பாகு. அப்புறம்…" எல்லோரும் காத்திருந்தார்கள். "அப்புறம், மழையில நனைஞ்ச தேவாலயப் பெஞ்சு."

பப் முழுக்க ஒரு பெருமூச்சு. "அடேங்கப்பா, பெஞ்சு!" என்றார்கள். குடித்துப் பார்த்தார்கள். பெஞ்சு இருக்கத்தான் செய்தது, எல்லோருக்கும். "அதே, வார்னிஷ்கூடத் தெரியுது" என்றார் ரொனால்ட்.

அதன்பின் கேட்கவா வேண்டும்! நாக்கு செத்த பிறகுதான் கிளிஃபர்டின் புகழ் பக்கத்து ஊருக்கும் பரவியது. ருசி தெரிந்தவரை ரொட்டி, பாகு, திராட்சை என்று மூன்று வார்த்தையில் பிழைத்த மனுஷன், இப்போது ஆட்டுக்கம்பளி, அத்தை வீட்டு அலமாரி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றெல்லாம் அள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்படி ருசிக்கும் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. இதையெல்லாம் கேட்க பயந்து பின்னால் வீட்டில் போய் யோசிப்பதுதான் ஹாக்ஸ்லிக்காரர்களின் வழக்கம்.

வருஷா வருஷம் மே மாதத்தில் மரபு ஏல் காப்போர் கழகம் என்ற அமைப்பிலிருந்து நடுவர்கள் வருவார்கள். வட்டாரத்திலேயே சிறந்த ஏல் ஊற்றும் பப்புக்கு ஒரு பித்தளைத் தகடு கொடுப்பார்கள். அது வருஷா வருஷம் எதிர்ச்சாரியில் இருக்கும் 'ரயில்வே' பப்புக்கே போய்க்கொண்டிருந்தது. டோரீனின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தத் தகடுகள் வரிசையாய் மின்னும். அவள் அந்த ஜன்னலின் திரையை விலக்குவதே இல்லை. இந்த வருஷம் கிளிஃபர்டின் பேரைக் கேட்டே நடுவர்கள் கட்டாயம் மூன்று லாடத்துக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நடுவர் குடிக்கும்போது பக்கத்தில் நின்று ருசியை எடுத்துச் சொல்லவேண்டியவர் கிளிஃபர்ட்.

நடுவர்களுக்கென்றே டோரீன் ஒரு பீப்பாயை நிலவறையில் தனியாகப் படுக்கவைத்திருந்தாள். இந்த ஏல் உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள் இன்னும் பொங்கிக்கொண்டுதான் இருக்கும். மேலே ஒரு துளை. ஓயும்வரை அதில் மெல்லிய மர ஆணி, ஓய்ந்ததும் காற்றுப் புகாமல் கெட்டியான மர ஆணி. மெல்லியதைப் பிடுங்கிய டோரீன், கெட்டி ஆணியை அடிக்க மறந்துவிட்டு ஸ்கெக்னஸ் கடற்கரைக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அந்த வாரம் பார்த்து வெயில் வேறு கொளுத்தியது. வெள்ளிக்கிழமை திரும்பி வந்து பார்த்தால் துளை ஆவென்று திறந்து கிடக்கிறது. மறுநாள் நடுவர்கள். ஏல் காய்ச்சி அனுப்புகிறவர்கள் திங்கட்கிழமைக்கு முன்னால் வரமாட்டார்கள்.

ஒரு கண்ணாடிக் கோப்பையில் ஏல் பிடித்துக்கொண்டு நேரே கிளிஃபர்டிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"கண்ணு, ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஆணி அடிக்காம போயிட்டேன். நீ குடிச்சுப் பாத்து உள்ளதைச் சொல்லு. கெட்டுப்போயிருந்தா, வராதீங்கன்னு அவங்களுக்குப் போன் பண்ணிடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மானம் போறதுக்கு அது தேவலாம்."

கிளிஃபர்ட் கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கினார். பளிச்சென்று தெளிவாகத்தான் இருந்தது. குடித்தார். வழக்கம்போல ஈரம். 'ரொனால்டுகிட்ட ஒரு வாய் குடுத்துக் கேளு' என்று சொல்ல வாயெடுத்தார். ரொனால்டிடமா! அதற்குப் பிறகு இந்த முக்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது?

"டோரீன், அற்புதம்" என்றார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு வரல. பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு துள்ளல்."

"நிஜமாவா?"

"நான் பொய் சொல்வேனா?"

டோரீன் அவர் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். பாவி மனுஷன், அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அது வினிகர். சந்தேகமே வேண்டாம். வறுத்த உருளைக்கிழங்கின் மேல் தெளித்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் பப்பில் இருந்த அத்தனை பேரும் அதை வாங்கிக் குடித்தார்கள். முதல் வாயில் ஒவ்வொருவர் முகமும் கோணியது. உடனே எல்லோரும் முகத்தை நேராக்கிக்கொண்டு கிளிஃபர்டைப் பார்த்தார்கள். அவர் பாட்டுக்கு நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் வீடு தீப்பிடித்தால்கூட, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று ஆரம்பித்துத்தான் சொல்வார்கள். கையில் வாங்கிய பைண்ட் அளவு ஏலைப் போய் நன்றாயில்லை என்று எப்படிச் சொல்வது?

"துள்ளலாத்தான் இருக்கு" என்றார் ஒருவர், கண்ணில் தண்ணீரோடு.

"ஆமாமா, தொண்டையை நல்லாத் தொடைச்சுவிடுது."

"அதே, பச்சை ஆப்பிள்" என்றார் ரொனால்ட். மூலையில் ஒரு ரப்பர் செடி இருந்தது. அன்று அதன் பக்கத்தில் உட்கார என்ன போட்டி! சனிக்கிழமை காலையில் அதன் இலையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. வெயில் என்றாள் டோரீன்.

சனிக்கிழமை மதியம் நடுவர்கள் வந்தார்கள். தலைவர் லயனல் ஃபென்டன், பல் மருத்துவர். கூட இரண்டு பேர், அவர் தலையாட்டினால் ஆட்ட. ஃபென்டன் ஒரு வாய் குடித்தார். அவர் தொண்டை ஒருமுறை மேலும் கீழும் போய்வந்தது. துப்புவதற்கு இடம் தேடினாரோ என்னவோ, கண் சுற்றிவந்து கிளிஃபர்டின் மேல் நின்றது.

"முதல்ல பச்சை ஆப்பிள் ஐயா" என்றார் கிளிஃபர்ட் நிதானமாக. "பின்னாலேயே ஏப்ரல் மாசக் காத்து. கத்துக்குட்டி நாக்குக்கு இது பிடிபடாது. புளிப்புன்னு நினைச்சுக்கும்."

ஃபென்டன் மடக்கென்று விழுங்கினார். "புளிப்பா? சேச்சே. துணிச்சலான ஏல் இது" என்றார். கூட வந்த இருவரும் தலையை ஆட்டினார்கள். மூவரும் ரயில்வே பப்புக்குப் போனார்கள். அங்கே ஏல் பழுதில்லாமல் இருந்தது. "சாதாரணம்" என்று எழுதிவிட்டு, சாயங்காலம் பித்தளைத் தகட்டோடு திரும்பி வந்தார்கள்.

ஊரே மூன்று லாடத்தில் கூடிவிட்டது. டோரீன் புது உடுப்பு, பெரில் தொப்பி. வெளியே ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. ஃபென்டன் எழுந்து கிளிஃபர்டைப் பற்றிப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். ரொனால்டின் நாய் முக்காலிக்கு அடியில் வந்து உடம்பை உதறியது.

கிளிஃபர்டுக்கு மூக்கில் ஏதோ வந்து முட்டியது. என்ன இது? குனிந்தார். நாற்றம்! நனைந்த நாயின் நாற்றம்! ஆறு மாதமாய்ச் சூனியமாய்க் கிடந்த மூக்குக்குள் அந்தக் கிழட்டு ஸ்பேனியலின் நாற்றம் குப்பென்று ஏறியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நாயைக் கட்டிக்கொண்டு முகர்ந்தார். நிமிர்ந்தால் பெரிலின் பவுடர் வாசனை, யாரோ தின்ற பன்றித்தோல் வறுவல், பலகைக்குப் போட்ட மெழுகு. எல்லாம் வந்துவிட்டது, கடவுளே, எல்லாம் வந்துவிட்டது! முதலில் செய்யவேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். பழைய பாதிரி. கண்ணாடியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, முழு வாய் நிறைய, ஆசை தீரக் குடித்தார்.

கண் தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தில் வினிகரில் முட்டை ஊறவைத்த ஜாடி இருந்தது. அந்த நாற்றம்தானோ என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தார். முட்டை ஜாடியே தேவலாம்.

"…அந்த ஒப்பற்ற நாக்குக்குச் சொந்தக்காரர் இப்போ நாலு வார்த்தை பேசுவார்" என்று முடித்தார் ஃபென்டன். கைதட்டல்.

கிளிஃபர்ட் எழுந்தார். டோரீன் தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. உள்ளதைச் சொல்லு என்று வந்து கேட்டாளே. அவளைப் போய் இப்படி ஏமாற்றினோமே என்று மனசு அறுத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் தகடும் இருக்கும், முக்காலியும் இருக்கும். ஆனால் நாளைக்கு வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து இதைக் குடித்துச் சிரித்தால் அவள் கதி?

"டோரீன், என்னை மன்னிச்சிடு. இது வினிகர்" என்றார்.

பைண்ட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"நவம்பர்லருந்து எனக்கு ருசியே கிடையாது. வாசனையும் கிடையாது. பெஞ்சு, அலமாரி எல்லாம் நானா இட்டுக்கட்டினது. இப்பத்தான், இந்த நிமிஷம்தான் திரும்பி வந்திச்சு. இது கெட்டுப்போச்சு. கொட்டிடு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றிலிருந்து வயிறு எரிய எரிய வினிகரைக் குடித்துவிட்டு அருமை அருமை என்றவர்கள் அத்தனை பேரும். நடுவர் மூன்று பேர் வேறு. இதை ஒப்புக்கொண்டால் யாருக்கு என்ன மிச்சம்?

அப்போது பெரில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அவர் சொல்றது நெசம்தான். நவம்பர்லருந்தே நாக்கு சரியில்ல. கருகின ரொட்டியக் குடுத்தேன், கம்முனு தின்னாரு. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"ஓ!" என்றது பப். அதில் எவ்வளவு நிம்மதி! "பாவம், நாக்கு போயிடுச்சா! அதான் வினிகர்ங்கிறாரு."

"போகலய்யா, வந்திருக்கு! இப்பத்தான் வந்திருக்கு!" என்று கத்தினார் கிளிஃபர்ட். முட்டை ஜாடியைத் திறந்து ரொனால்டின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருய்யா! இதையும் மோந்து பாரு, பைண்ட்டையும் மோந்து பாரு!"

ரொனால்ட் இரண்டையும் முகர்ந்தார். "முட்டை நல்லாத்தான் இருக்கு கிளிஃப்" என்றார் அன்பாக.

ஃபென்டன் டாக்டராயிற்றே. கிளிஃபர்டின் தோளில் கைவைத்து, "காய்ச்சலுக்கப்புறம் இப்படி ஆகறது உண்டு. மனசை விட்டுடாதீங்க" என்றார். டோரீன் அவருக்கு ஒரு ஷெர்ரி ஊற்றிக் கொடுத்தாள். "உக்காரு கண்ணு. நீ நல்லா இருந்தப்ப சொன்னதையே நாங்க வச்சுக்கறோம்" என்றாள். தகட்டைச் சுவரில் அடித்தார்கள். ஜன்னல் திரையையும் விலக்கிவிட்டாள்.

கழிவறையில் கிளிஃபர்ட் கைகழுவும்போது ரொனால்ட் பக்கத்தில் வந்து நின்றார். சுவரில் மாட்டிய முகக்கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "நேத்து முதல் வாயிலயே எனக்குத் தெரியும், வினிகர்னு."

"அட பாவி! அப்ப ஏன்யா சொல்லல?"

"நீ நல்லாருக்குன்னுட்டியே. எடுத்துச் சொன்னா உனக்கு ஒரு மாதிரி இருக்காது?"

திங்கட்கிழமை புதுப் பீப்பாய் வந்து, ஓயவைத்து, இரண்டொரு நாளில் திறந்தார்கள். கிளிஃபர்ட் போனபோது முக்காலியில் ரொனால்ட் இருந்தார். "நீ உக்காரணுமா?" என்று பாதி எழுந்தார். "இல்ல, இருக்கட்டும்" என்றார் கிளிஃபர்ட், இன்னொருமுறை சொல்வார் என்று எதிர்பார்த்து. ரொனால்ட் சொல்லவில்லை. கிளிஃபர்ட் அம்பு எறியும் பலகைக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

முதல் கண்ணாடி ரொனால்டுக்குப் போயிற்று. அவர் கண்ணை மூடினார். "பச்சை ஆப்பிள் இல்லையே" என்றார்.

"துள்ளலும் இல்ல. சப்புன்னு இருக்கு" என்றார்கள் மற்றவர்கள்.

டோரீன் பயந்துபோனாள். "தகடு மாட்டி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ளயா? நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன்." பிடித்த பைண்ட்டைக் கொட்ட மனமில்லாமல் கிளிஃபர்டிடம் கொண்டுவந்தாள். "காசு வேணாம் கண்ணு. உனக்குத்தான் எல்லாம் ஒண்ணாச்சே."

கிளிஃபர்ட் குடித்தார். சுட்ட ரொட்டியின் ஓரம். அப்புறம் பாகு. அப்புறம், எங்கே எங்கே என்று காத்திருந்து, அந்தத் திராட்சை. ஆறு மாதத்துக்குப் பிறகு சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. இதையா திருப்பி அனுப்பப் போகிறார்கள்! நன்றாயிருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால், நாக்குப் போனவன் பேச்சு என்று பீப்பாயை இன்றைக்கே வண்டியேற்றிவிடுவார்கள். யோசித்தார். பிறகு முகத்தை அஷ்டகோணலாக்கி, ரப்பர் செடியின் தொட்டியில் தூவென்று துப்பினார். அந்த ஒரு வாயைத் துப்ப அவருக்கு எவ்வளவு கஷ்டமாயிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

"வினிகர்! இதுவும் வினிகர்! மனுஷன் குடிப்பானா இதை?"

பப் நிமிர்ந்து உட்கார்ந்தது. போன தடவையும் இதையேதானே சொன்னார், அந்த ஏலுக்குத்தானே தகடு கிடைத்தது! ரொனால்ட் அவசரமாக இன்னொரு வாய் குடித்தார்.

"இருங்க, இருங்க. ரொட்டி ஓரம்… பாகு…"

"திராட்சை?" என்றார் கிளிஃபர்ட் கீழிருந்து, தாங்கமாட்டாமல்.

"அதே! திராட்சை!" என்றார் ரொனால்ட். எல்லோரும் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். பீப்பாய் தப்பியது.

இப்போது மூன்று லாடத்தில் புதுப் பீப்பாய் திறந்தால் முதல் கண்ணாடி மறுபடியும் கிளிஃபர்டுக்குத்தான். அவர் முகம் சுளித்தால் நல்ல சரக்கு. தலையாட்டினால் டோரீன் பேசாமல் திருப்பி அனுப்பிவிடுவாள். இதுவரை அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. பலகைக்குக் கீழே உட்கார்ந்து, விளக்கெண்ணெய் குடிக்கிறவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக இறக்குவார். ஒருநாள் பெரிலுக்கே பொறுக்கவில்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குக் குடிக்கிற கிளிஃப்? எலுமிச்சைச் சாறு ஏதாவது வாங்கிக்கயேன்."

"என்ன பண்றது, பழகிப்போச்சு" என்றார் கிளிஃபர்ட். இன்னும் நன்றாக முகத்தைச் சுளித்துக்கொண்டு, காலி கண்ணாடியை டோரீன் பக்கம் நீட்டினார்.